நாலந்தாவின் இருபது தறிகள்

போன மாதம் என் பழைய கந்தோரில் இப்போது வேலை பார்க்கும் ஒரு தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். தகவல் கேட்கும் சட்டம் வந்த பிறகு, எந்தக் கம்பெனிக்கு அரசாங்கம் என்ன சலுகை கொடுத்தது, பதிலுக்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டு ஆட்கள் மனுப் போட்டபடி இருக்கிறார்களாம்.

"ஒங்கட காலத்துல இந்தக் கரைச்சல் ஒண்ணும் இல்லதானே சேர்? நிம்மதியா இருந்திருப்பீங்க."

"இருந்துச்சு தம்பி. அந்தக் கரைச்சல வெளிச் சுவர்ல கொண்டுபோய் மாட்டினதே நான்தான்" என்றேன்.

அவர் நம்பவில்லை. அப்படியென்றால் எழுதித் தாருங்கள், கந்தோரில் எல்லோரும் வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் எழுதுகிறேன். கந்தோரின் பெயரைப் போடவில்லை. மாத்தளையில் சிறு கைத்தொழில்களைக் கவனித்த ஓர் அரசாங்க அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போய் முடித்தவன் நான். வாப்பா மாத்தளை டவுனில் ஒரு மிளகுக் கடையில் சாக்குத் தைப்பவர். கோணி ஊசியைப் பிடித்துப் பிடித்து அவருடைய வலது பெருவிரல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். நான் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணினேன், கிளார்க் வேலைக்கான லிகிதர் சோதனை எழுதினேன், சிங்களச் சோதனையும் எழுதினேன். இந்த மூன்றுக்கும் இடையில் போன வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படித்தேன், பசித்தது, அவ்வளவுதான். அறுபதுகளின் தொடக்கத்தில் நியமனக் கடிதம் வந்தது. மூன்று வருஷம் தகுதிகாண் காலம், அதன் பிறகுதான் வேலை நிரந்தரம் என்று அதில் இருந்தது. உம்மா அந்தக் கடிதத்தை ஒரு துணியில் சுற்றிக் குர்ஆன் வைக்கும் தட்டுக்குக் கீழ்த் தட்டில் வைத்தார்.

எங்கள் கந்தோரின் வேலை இதுதான். அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் லேசில் கிடைக்காது. நெசவு நூலும் அப்படித்தான். யாராவது தறி போட்டு, ஊர்ப் பெண்களுக்கு வேலை கொடுப்பதாக எழுதிக் கொடுத்தால், ஒரு தறிக்கு இவ்வளவு என்று கட்டுப்பாட்டு விலையில் நூல் கொடுப்போம். கொட்டகை போட அரசாங்கக் காணியும் குத்தகைக்குக் கிடைக்கும். தறி கூடினால் நூல் கூடும். ஆகவே தறிகளை எண்ணுவதுதான் எங்கள் வேலையின் உயிர்நாடி. எண்ணுவதற்கு ஒரு முறை இருந்தது. ஒரு வாரத்துக்கு முன்பே முதலாளிக்குக் கடிதம் எழுத வேண்டும். சொன்ன நாளில் போக வேண்டும். படிவத்தில் தறிகளின் தொகையை எழுதி, ஒவ்வொரு தறியிலும் இருக்கும் பெண்ணின் பெயரைக் கேட்டு எழுதி, கீழே கையொப்பம் இட வேண்டும்.

எங்கள் மேலதிகாரி திரு. ஜெயரத்ன. மெலிந்த மனிதர். எந்த வெயிலிலும் கழுத்துப்பட்டி அவிழ்க்காதவர். எந்த ஃபைலையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிப்பார். கடைசியில் என்ன முடிவு எடுத்தார்கள் என்று பார்த்துவிட்டு, அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்று பின்னால் பின்னால் போவார். கையொப்பம் வைக்கும்போது கதிரையில் உட்கார மாட்டார். எழுந்து ஜன்னலோரம் போய், வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்து, நின்றபடியே வைப்பார். சிரித்து யாரும் கண்டதில்லை. ஒரு நாள் பியோன் வழுக்கி விழுந்து தேநீர்த் தட்டு முழுவதும் அவருடைய மேசையில் கொட்டியது. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, அவர் "எத்தனை கோப்பை?" என்று மட்டும் கேட்டார்.

நான் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சலுகை பெற்றவர்களின் பெயர், ஊர், பெற்ற சலுகை, பதிலுக்குச் செய்ய ஒப்புக்கொண்டது, இவ்வளவையும் பொதுமக்கள் பார்க்கக்கூடிய இடத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று. ஜெயரத்னவுக்கு அது பிடிக்கவில்லை. வியாபாரம் செய்கிறவர்களின் விஷயத்தைச் சந்தியில் வைப்பது மரியாதை இல்லை என்பது அவருடைய எண்ணம். ஆனாலும் சுற்றறிக்கை சுற்றறிக்கைதான். இங்கிலீஷில் தட்டச்சு அடித்து, ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு, அவருடைய அறைக்குப் போகும் நடையில் பியோனின் வாங்குக்குப் பின்னால் மாட்டச் சொன்னார். பியோன் சாய்ந்து உட்கார்ந்தால் மாவட்டத்தின் பாதித் தொழில்கள் அவருடைய தலைக்குப் பின்னால் மறைந்துவிடும்.

சில மாதம் கழித்து நாலந்தாப் பக்கத்திலிருந்து ஒரு சிங்களப் பெண் வந்தார். அங்கே பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து தறி போட்டு, நூல் கேட்டு இரண்டு முறை விண்ணப்பித்தவர்கள். அந்தப் பகுதிக்குரிய நூல் முடிந்துவிட்டது என்று இரண்டு முறையும் பதில் எழுதியவன் நான். பட்டியல் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்திருந்தார். பியோன் மரியாதையாக எழுந்து விலகிக் கொடுத்தார். அந்தப் பெண் கண்ணாடியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னிடம் திரும்பி, "இதுல எங்க பங்கு யாருக்குப் போயிருக்குன்னு எழுதியிருக்கா, மஹத்தயா?" என்று சிங்களத்தில் கேட்டார். இருந்தது, ஆனால் இங்கிலீஷில் இருந்தது.

அன்றே ஜெயரத்னவிடம் போனேன். பட்டியலைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதி, பஸ் நிறுத்தும் பக்கத்து வெளிச் சுவரில் மாட்டலாமா என்று கேட்டேன்.

"மழை பெய்தால்?"

"மேலே ஒரு தகரம் அடிக்கலாம் சேர்."

"ஆடு வந்து பசைக் காகிதத்தைத் தின்றால்?"

"கண்ணாடி போடலாம் சேர்."

"யார் எழுதுவது?"

"நான்."

அவர் ஜன்னலோரம் போய் நின்றார். கொஞ்சம் கழித்து, "ஒரு நிபந்தனை" என்றார். "ஒவ்வொரு வரியிலும் அதை எண்ணியவர் யார் என்று பெயர் எழுத வேண்டும். ஊர் பார்க்கும் எண்ணுக்கு ஓர் ஆள் பொறுப்பாக இருக்க வேண்டும்."

எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பெரும்பாலான வரிகளில் எண்ணியவன் நானே. முத்து முத்தாக எழுதினேன். எண்ணியவர்: நஸீர். எண்ணியவர்: நஸீர். சுவரில் மாட்டிய அன்று பின்னேரம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் கூடி வாசித்ததைக் கண்டபோது, நாட்டை ஆள்வதே நான்தான் என்பது போல நடந்து வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் வாரம் ஒரு சிரிப்புக் கேட்டது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் பட்டியலுக்கு முன்னால் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். இருபது வயது இருக்கும். அவள் பெயர் பார்வதி என்று பிறகு தெரிந்தது. எல்கடுவத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வந்து, பல்லேபொலையில் சுலைமான் முதலாளியின் தறிக்கொட்டகையிலேயே மற்றப் பெண்களோடு தங்கி நெய்பவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். வெளியே போய் என்ன சிரிப்பு என்று கேட்டேன்.

"நாலந்தாவுல இருபது தறியாம்ங்க!"

"ஆமா. அதுக்கென்ன? நான்தான் எண்ணினேன்."

அவள் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "நீங்களா? அதானே பாத்தேன். அப்ப எங்களயும் ரெண்டு வாட்டி எண்ணிட்டீங்க."

எனக்கு விளங்கவில்லை. அவளே விளக்கினாள், ஒரு சினிமாக் கதையைச் சொல்வது போல. எண்ணும் நாள் வந்தால் அவர்களுக்கு ட்ரிப் நாளாம். பல்லேபொலையில் காலையில் துரைமார் எண்ணிவிட்டுச் சாப்பிடப் போனதும், பன்னிரண்டு தறிகளைத் தூக்கி இரண்டு லொறியில் ஏற்றுவார்களாம். சின்னச் சட்டத் தறி, நாலு பேர் பிடித்தால் அப்படியே ஏறிவிடும். தறியோடு பெண்களும் ஏறிப் பாட்டுப் பாடிக்கொண்டு நாலந்தாவுக்குப் போவார்களாம். சோற்றுப் பார்சலும் உண்டாம்.

"அன்னக்கி எங்கிட்ட பேரு கேட்டீங்க. காலயில பார்வதின்னேன். பின்னேரம் நாலந்தாவுல கேட்டீங்க, கமலான்னேன். எழுதிக்கிட்டீங்க. ஒரு வாட்டி கூட நிமுந்து பாக்கலயே ஐயா!"

உண்மை. படிவத்தில் பெயர் எழுதக் கட்டம் இருந்தது. முகத்துக்குக் கட்டம் இல்லை. நான் தறியை எண்ணினேன், பெயரைக் கேட்டேன், குனிந்து எழுதினேன். அதற்குமேல் இன்னொன்றும் இருந்தது. பல்லேபொலையில் எண்ணி முடிந்ததும் முதலாளி வீட்டில் புரியாணி. அதற்குப் பிறகு வட்டிலப்பம். அதற்குப் பிறகு தேநீர். அதற்குப் பிறகு முதலாளி கட்டிக்கொண்டிருந்த புது வீட்டைச் சுற்றிப் பார்ப்பது. எனக்குக் காட்டிய மரியாதை என்று நினைத்து ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் லொறி என்னை முந்திப் போயிருக்கிறது.

என் முகம் மாறியதைப் பார்த்ததும் அவளுடைய சிரிப்பு நின்றது.

"ஐயா, நான் சும்மா சொன்னதுங்க. மொதலாளி நூல நிப்பாட்டிட்டா எங்க பொழப்பு போயிரும். லயத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லாதீங்க."

"பல்லேபொலயில இருபது தறி உண்மையிலயே இருக்கா?"

"இருக்குங்க. அதுல பொய்யில்ல. நாலந்தாவுலதான் எட்டு."

"அப்ப பல்லேபொல நூல யாரும் தொட ஏலாது. ஒங்க வேல போகாது" என்றேன். உறுதியாகத்தான் சொன்னேன். ஆனால் என்னுடைய வேலையைப் பற்றி அப்படி உறுதியாக எதுவும் சொல்ல முடியாமல் இருந்தது. நாலந்தாக் கொட்டகை, சுலைமான் முதலாளியின் மச்சான் பெயரில் இருந்தது. இல்லாத பன்னிரண்டு தறிக்குப் போன நூல் எங்கோ வெளிச் சந்தையில் விலைபோனது. அந்தப் பன்னிரண்டு தறிக்குக் கையொப்பம் வைத்தவன் நான். தகுதிகாண் காலம் முடிய இரண்டு மாதம் இருந்தது.

மூன்று நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இரண்டு மாதம் பொறுத்து, வேலை நிரந்தரமான பிறகு சொன்னால் என்ன என்று கணக்குப் பார்த்தேன். ஆனால் கந்தோருக்குள் போக அந்தச் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும். எண்ணியவர்: நஸீர். அந்த எழுத்து அழகாக இருந்ததே எனக்கு வினையாகப் போயிற்று, தூரத்திலிருந்தே தெரிந்தது. நாலாம் நாள் ஜெயரத்னவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், வட்டிலப்பத்தையும் சேர்த்து.

அவர் நாலந்தா ஃபைலை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். என்னுடைய படிவம். அதன் கீழே என் கையொப்பம். அதற்கும் கீழே அவருடையது.

"மறுபடி எண்ண வேண்டும்" என்றார்.

"சொல்லாமல் போவோமா சேர்?"

"இல்லை. ஒரு வாரம் முன்பே அறிவிக்க வேண்டும் என்பது விதி. அறிவிப்போம்."

அறிவித்தால் மறுபடி லொறி ஓடும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். இரண்டு கொட்டகைக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதச் சொன்னார். இரண்டிலும் ஒரே நாள், ஒரே நேரம், காலை பத்து மணி. பல்லேபொலைக்கு அவர் போவார், நாலந்தாவுக்கு நான். கடைசியில் ஒரு வரியும் சேர்க்கச் சொன்னார்: உத்தியோகத்தர்களுக்குச் சாப்பாடு தேவையில்லை.

விதியை மீறாமல் விதியைக் கொண்டே பிடிக்கும் அந்த வழியை நான் பிறகு எத்தனையோ இடத்தில் பாவித்திருக்கிறேன். அன்று அதை ரசிக்கும் நிலையில் நான் இல்லை.

கடிதம் போய்ச் சேர்ந்த மறுநாள் சுலைமான் முதலாளி வாப்பாவைத் தேடிப் போயிருக்கிறார். வாப்பா சாக்குத் தைத்த மிளகுக் கடை, சுலைமான் முதலாளியின் தம்பியுடையது. அன்று பின்னேரம் நான் அந்த வழியாக வந்தபோது முதலாளி இன்னும் அங்கேதான் ஒரு மூட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி. இப்பதான் ஒங்கட வாப்பாக்கிட்ட சொல்லிக்கொண்டு ஈக்கேன். எண்ணினது நீங்க, கையொப்பம் ஒங்கட. அத மாத்தினா எனக்குக் கொஞ்சம் நூல் கொறயும். ஒங்களுக்கு வேலயே போகும். யாருக்கு நட்டம் பெரிசு? அந்தச் சின்னக் கொட்டகைக்காக நமக்குள்ள என்னத்துக்குக் கரைச்சல்?"

நான் பேசுவதற்குள் வாப்பா கேட்டார், ஊசியை நிறுத்தாமல்.

"மகன், நீ எண்ணினது பிழயா?"

"பிழ வாப்பா."

"அப்ப மறுபடி எண்ணு."

முதலாளி மெல்லச் சிரித்தார். "நாநா, இந்தக் கட என்ட தம்பிட. அதயும் நெனச்சிப் பாத்துக்கொண்டு பேசுங்க."

வாப்பா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "கட ஒங்கட தம்பிட. ஊசி என்ட. மாத்தளயில சாக்குக்குப் பஞ்சமா ஈக்கு?"

அடுத்த வாரமே வாப்பா கோணி ஊசியைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு இன்னொரு கடைக்குப் போய்விட்டார். அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

குறித்த நாள் காலை பத்து மணிக்கு நான் நாலந்தாக் கொட்டகைக்குள் நுழைந்தேன். எட்டுத் தறி இருந்தது. மற்றப் பன்னிரண்டு இடத்திலும் நல்லாய் மெழுகிய மண் தரை. தறியின் கால் அழுந்திய பள்ளம் ஒன்றுகூட இல்லை. முன்பு வந்தபோது தரையையும் நான் பார்த்திருக்கவில்லை. எட்டுப் பெண்களிடமும் பெயர் கேட்டேன், முகத்தைப் பார்த்து. ஒருத்தி வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டாள். திரும்பும் வரை காத்திருந்து எழுதினேன்.

பின்னேரம் ஜெயரத்ன கந்தோருக்கு வந்து சேர்ந்தார். பல்லேபொலையில் இருபது, சரியாக இருக்கிறது என்றார். பிறகு கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, "அங்கே ஒரு பெண்ணிடம் பெயர் கேட்டேன்" என்றார். "காலைப் பெயர் வேண்டுமா, பின்னேரப் பெயர் வேண்டுமா என்று சிங்களத்தில் கேட்கிறாள்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அறைக்குள் போன பிறகு உள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. அது இருமல் என்று பியோன் சாதித்தார். நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அன்றே ஒரு புதுத் தாளில் பட்டியலைத் திருத்தி எழுதிக்கொண்டு போனேன். அவர் அதை வாங்கவில்லை.

"பழைய தாளை வாசித்தவர்கள் எத்தனை பேர்?"

"தெரியாது சேர். நிறையப் பேர்."

"புதுத் தாளைப் போட்டால், தாங்கள் வாசித்தது பிழை என்று அவர்கள் எங்கே பார்ப்பார்கள்?"

எங்கள் ஃபைல்களில் ஒரு பழக்கம் இருந்தது. பிழையான எண்ணை அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. சிவப்பு மையால் ஒரே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பழைய எண் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண், திருத்தியவர் பெயர், திகதி. கந்தோருக்குள்ளே இருந்த அந்தப் பழக்கத்தை வெளிச் சுவரிலும் செய்யச் சொன்னார். கண்ணாடியைத் திறந்து, பஸ்ஸுக்கு நின்ற ஆட்களின் முன்னால், இருபதை வெட்டி எட்டு என்று எழுதினேன். திருத்தியவர்: நஸீர். பின்னால் ஜெயரத்ன வந்து நின்றிருந்தது எனக்குத் தெரியாது. பேனாவை வாங்கி என் பெயருக்குக் கீழே தன்னுடையதையும் எழுதினார். நின்றபடியேதான்.

நாலந்தாக் கொட்டகைக்கு நூல் எட்டுத் தறிக்குரிய அளவாகக் குறைந்தது. மிச்சம், பியோனின் வாங்குக்குப் பின்னால் இங்கிலீஷ் தாளைப் பார்த்துவிட்டுப் போன அந்தப் பெண்ணின் பன்னிரண்டு தறிக்குப் போனது. அவர்களுக்குச் சம்மதக் கடிதம் எழுதியதும் நானே. பல்லேபொலைப் பெண்களின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை, ட்ரிப் மட்டும் நின்றுபோனது. அதற்குப் பார்வதி என்னைக் காணும் இடமெல்லாம் சண்டை பிடித்தாள்.

எனக்குக் கண்டனக் கடிதம் ஒன்று வந்தது. தகுதிகாண் காலம் ஒரு வருஷம் நீட்டப்பட்டது. எழுதியது ஜெயரத்னதான். தந்தபோது மன்னிப்பும் கேட்கவில்லை, தேற்றவும் இல்லை. அது நியாயம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. ஒரு வருஷம் பிந்தி வேலை நிரந்தரமானது. அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் தறி, எண்ணெய்ச் செக்கு, கொக்கோ உலர்த்தும் கொட்டகை என்று எத்தனையோ எண்ணினேன். சாப்பாட்டுக்கு உட்காரவில்லை.

தம்பி, நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். பட்டியலைக் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுங்கள். காணியும் நூலும் ஊருடையது. ஊர் எண்ணிப் பார்க்கத்தான் செய்யும். நாம் எத்தனை பேர் போய் எண்ணினாலும் எல்கடுவப் பிள்ளை ஒருத்தி வாசித்ததைப் போல வராது. பிழை வெளியே வந்துவிடுமே என்று பயப்படாதீர்கள். வரட்டும்.

திருத்தி எழுதிய அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த நேரம், என் ஜன்னலுக்கு வெளியே வாப்பாவைக் கண்டேன். தொப்பி போட்டபடியே பட்டியலுக்கு முன்னால் நின்றார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற ஒருவரிடம், சாய்ந்த பெருவிரலால் கண்ணாடியைக் காட்டி, "அந்தச் செவப்பு மையில என்ன எழுதியீக்கு?" என்று கேட்டார்.

அந்த ஆள் எட்டிப் பார்த்து வாசித்தார். "நாலந்தா. இருபதுன்னு எழுதி, வெட்டி, எட்டுன்னு போட்டிருக்கு. முன்னுக்குப் பிழையா எண்ணினது யாரோ நஸீராம். திருத்தினதும் நஸீராம்."

"அது என்ட மகன்" என்றார் வாப்பா.